தளபதிக்கு மாலை

வோபர்ன், ரொறன்ரோ
14 ஜூன் 2009
இயேசு மரி சூசை துணை

அன்புள்ள இஞ்சேருங்கோ,

உங்கள் அக்கா மகளின் கலியாணத்துக்கென்று லண்டன் போனீர்கள். இரண்டு வருடமாகியும் பந்தி முடியவில்லைப் போலும். என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு உதவி வேண்டும்.

நீங்கள் எழுதிவைத்த ‘ஆங்கிலேயக் கள்ளன்’ கூத்தை ஓகஸ்டில் கோயில் மண்டபத்தில் ஆடுகிறோம். ஊரில் சண்டை முடிந்த விதத்துக்கு, ஆண்கள் எல்லாரும் அரசனை எதிர்க்கும் கள்ளனாகத்தான் வருவார்களாம். அவனைத் தூக்கில் போடும் தளபதிக்கு ஆளில்லை. நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஒருவாறு சம்மதித்தார். மேடைக்கு முதல் வரவில் ஆடுபவருக்கு அவர் பெண்சாதி மாலை போடுவதல்லவா எங்கள் வழக்கம்? அவர் பெண்சாதி யூஜினி, "உந்தக் கொலைகாரனுக்கு நான் மாலை போடன்!" என்று எழும்பிவிட்டாள், அண்ணையும் விலகிவிட்டார். மே மாதம் அந்தச் சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவள். நானும் சேர்ந்து அழுதேன். அந்தத் தூக்கை மாற்றி எழுதித் தாருங்கள்.

இன்னும் உங்கள் பெண்சாதிதான்,
எமில்டா

லண்டன்
27 ஜூன் 2009

அன்பின் எமில்டா,

உமது கோபம் சுகமாயிருப்பதை அறிந்து மகிழ்ச்சி.

இந்த ஊர்க்காரரைப் பாரும். அரசனை எதிர்த்தவனை முதலில் தூக்கில் போடுவார்கள். பிறகு சரித்திரப் புத்தகத்தில் திட்டுவார்கள். அவனை அறிந்தவர்கள் எல்லாரும் செத்தபின், நல்லவன் என்று பாட்டுக் கட்டி, அவன் பேரில் குடிக்கத் தவறணையும் திறப்பார்கள். ஆகவே தூக்கை மாற்றவேண்டாம். சனம் பொறுக்கட்டும்.

கஸ்பர்

வோபர்ன்
8 ஜூலை 2009

இஞ்சேருங்கோ,

எல்லாரும் சாகும்வரை பொறுக்க ஏலாது, மண்டபம் ஓகஸ்டுக்குத்தான் கிடைத்திருக்கிறது. தூக்கை எடுங்கள். இன்னொரு சாவு பார்க்க இந்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள்.

எமில்டா

லண்டன்
17 ஜூலை 2009

அன்பின் எமில்டா,

தோற்றேன். சரித்திரக்காரர் தூக்கில் போட்டவனைப் பாட்டுக்காரர் காட்டுக்குள் தப்பவிடுவதும் இங்கே உண்டு. தளபதியே கள்ளனின் கட்டை அவிழ்த்துவிடட்டும்.

அந்தத் தளபதியாக நான் வரட்டோ? முதல் மாதம் சும்மா தங்கினேன். பிறகு திரும்பி வர வெட்கமாய்ப் போயிற்று. கூத்துக்கென்றால் வரலாம்தானே. ஆனால் மாலை போடுவீரோ?

கஸ்பர்

வோபர்ன்
25 ஜூலை 2009

அன்புள்ள இஞ்சேருங்கோ,

தளபதிக்கு யார் மாலை என்று யூஜினி கேட்டாள். "நான் போடுறன்" என்றேன். ஒத்திகைக்கு வந்த எல்லாரும் சிரித்தார்கள். மேக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவளும் சிரித்தாள்.

இந்த வருடம் இங்கே வீட்டுக்கு வீடு படங்களுக்குத்தான் மாலை. எனக்கு ஆள் உயிரோடு இருக்கிறது. கூத்து முடிந்ததும் தளபதியின் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாலையோடு வீட்டுக்கு வாங்கோ.

எமில்டா