சாம்பலில் கிடைத்த திருகாணி

அய்யா,

இதை எழுதும்போது உங்கள் திருகாணி என் மேசையில், காலி மாத்திரை டப்பாவுக்குள் கிடக்கிறது. நிறம் கறுத்துவிட்டது, மரை ஒன்றுகூடத் தேயவில்லை.

நேற்று உங்கள் மகன் காமயகவுண்டன்பட்டியிலிருந்து தேனிக்கு, என் பல் ஆஸ்பத்திரிக்கு வந்து, திருநீற்றுக் காகிதம் ஒன்றைப் பிரித்து நீட்டினார். எலும்பு பொறுக்கும்போது தலைமாட்டுச் சாம்பலில் கிடைத்ததாம். "டாக்டரக்கா, அப்பாவுக்கு யாரோ செய்வினை வச்சுட்டாகன்னு அத்தை அழுறாக. நீங்க சொன்னாத்தான் நம்புவாக." உங்கள் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் இதை வைத்துக் காட்டினேன். அச்சாகப் பொருந்தியது. "அந்தப் பல்லா?" என்று சிரித்தவர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், கடைவாய்ப் பல் ஒன்று போய் என்னிடம் வந்தீர்கள். பாலம் கட்டலாம், ஆனால் அதைத் தாங்க பக்கத்தில் உள்ள நல்ல பற்கள் இரண்டைச் சீவ வேண்டும் என்றேன். "காய்க்கிற கொடியை எதுக்குத்தா வெட்டணும்?" என்றீர்கள். அதனால் தாடை எலும்பில் இம்பிளான்ட் திருகாணியைப் பதித்து, மேலே பல்லை மாட்டினேன். "நான் போற வரைக்கும் இருக்குமா?" என்று கேட்டீர்கள். அப்போது எனக்குத் தொழிலில் துள்ளல் அதிகம். "இதுக்குச் சொத்தையே வராது அய்யா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

நீங்கள் அதை அப்படியே நம்பினீர்கள். சொத்தை வராத பல்லை எதற்கு விளக்க வேண்டும் என்று அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டீர்கள். பரிசோதனைக்குக் கூப்பிட்டால் திராட்சை வெட்டு முடியட்டும் என்பீர்கள். ஐந்தாம் வருடம் ஈறு வீங்கி, சீழோடு வந்தீர்கள். திருகாணியைச் சுற்றி எலும்பு கரைந்து, மேல் மரைகள் வெளியே தெரிந்தன. "நீங்கதானத்தா ஒண்ணும் ஆகாதுன்னீக" என்றீர்கள், கோபமே இல்லாமல். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈறைத் திறந்து சுத்தம் செய்தேன். பிழைக்குமா தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்தீர்கள், சட்டைப் பையில் சின்ன பிரஷ்ஷோடு. கரைந்த எலும்பு திரும்பவில்லை. மேற்கொண்டு கரையவும் இல்லை. கடைசியாக வந்தபோதுகூட அந்தப் பல் ஆடவில்லை.

"சுருளியில அஸ்தியோட விட்டுரவா?" என்றார் மகன். நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்று காலையும் ஒருவர் உங்கள் கேள்வியையே கேட்டார். "இந்தப் பல்லுக்குச் சொத்தை வராது. ஈறும் எலும்பும் உங்களோடது. விளக்கலைன்னா அது கரைஞ்சு பல்லை விட்டுரும்" என்றேன். ஒன்றும் ஆகாது என்று, நீங்கள் சீழோடு வந்த நாளுக்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.