வரிக்குப் பக்கத்தில் உமைமாவின் பெயர்

ஜூன் 9, 2025, திங்கள்

பக்ரீத் விடுமுறை முடிந்து இன்று வேலை. பள்ளிகொண்டாவில் பஸ் ஏறி ஆம்பூரில் இறங்குவதற்குள் மூன்று குடும்பங்களின் விவகாரம் என் கைக்கு வந்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. காது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் அதைக் கூப்பிட்டுக் கண்டிக்கவா முடியும்?

ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நாங்கள் இரண்டே பேர். நானும் உமைமாவும். அவள் மூளை, நான் வாய். இன்று எடிட்டரில் புதிதாக ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னால் சம்பூர்ணம் கேட்கிறாள்:

"தெனம் ஒண்ணு போட்டேன் போட்டேன்றீங்களே, அது இன்னாது, மாத்திரையா?"

"நீ தையல் மிஷின்ல ஜிப்புக்கு ஒரு காலு, பைப்பிங்குக்கு ஒரு காலுன்னு மாத்தி மாத்தி மாட்றியே. அது மாதிரி, நாங்க புரோகிராம் எழுதற எடிட்டர்ல மாட்டிக்கிற சின்னச் சின்ன கருவி."

"காலு மாட்டிட்டா மட்டும் தைக்க வந்துடுமா?"

எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டேன். பெண்டாட்டியிடம் உவமை சொல்லக் கூடாது.

என்னிடம் ஒரு பெட்டி நிறைய எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. அடைப்புக்குறிகளுக்கு ஜோடி ஜோடியாக வண்ணம் பூசுவது ஒன்று. அது இல்லாவிட்டால் என் கண்ணுக்கு எல்லாம் எறும்பு வரிசைதான். எழுத்துப் பிழைக்கு அடியில் கோடு இழுப்பது ஒன்று. நான் எப்படிக் கலைத்துப்போட்டு எழுதினாலும், சேமிக்கும் நொடியில் தலைவாரிப் பொட்டு வைத்துவிடுவது ஒன்று. இன்று போட்டது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எந்த வரியில் கர்சரை வைத்தாலும், ஓரத்தில் வெளிறிய எழுத்தில், அதை எழுதியவர் பெயரும் எத்தனை காலத்துக்கு முன் என்பதும் வந்து நிற்கிறது.

வம்புக்கென்றே பிறந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஜூன் 11, புதன்

நாள் முழுக்க ஒரு வரி எழுதவில்லை. எழுதியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுப் போய் நாலு வருடமான ஜோசுவா, வருகைப் பதிவு புரோகிராமில் ஒரு வரி செருகிவிட்டுப் போயிருக்கிறான். அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் ஒன்பதுக்கு வந்ததாகவே பதியும்! டீ இடைவேளையில் கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தேன். நல்ல வரவேற்பு. உமைமா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, அது எழுதினவங்க பேரு இல்ல. அந்த மெஷின்ல பதிஞ்சு வெச்ச பேரு. நம்ம ரூம்ல யாரு எந்தச் சீட்டுல ஒக்கார்றோம்னு ஏதாச்சும் கணக்கு இருக்குதா?"

"சும்மா இரும்மா, நல்ல கதையக் கெடுக்காத."

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் புரொடக்‌ஷன் மேனேஜர் உமர் ஃபாரூக் பாய் ஒரு பேப்பரோடு எங்கள் அறைக்கு வந்தார். பின்னாலேயே பாக்கிங், குவாலிட்டி என்று ஏழெட்டுப் பேர். ஜெர்மனிக்குப் போன லேடீஸ் ஷூ ஒரு கன்டெய்னர் முழுதாகத் திரும்பி வருகிறதாம். உள்ளே முப்பத்தேழரை சைஸ் ஷூ, பெட்டி மேல் முப்பத்தேழு என்று லேபிள். போட்டுக்கொண்ட அம்மாக்களுக்கெல்லாம் நடக்க நடக்கக் குதிகால் கழன்று வருகிறது. இதுவரை சரக்கு வாங்கும் எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் அரை சைஸ் கேட்டதில்லை. இந்த சீசன்தான் முதல் தடவை. எங்கள் லேபிள் புரோகிராமில் ஒரு வரி அந்த அரையை வெட்டி வீசிவிட்டிருக்கிறது. யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை என்று அங்கிருந்து மெயில்.

"இன்னா தனகோடி, யாரு வேல இது?"

ஒழுங்கான மனுஷன் "பாக்கறோம் பாய்" என்று சொல்லியிருப்பான். நான்தான் மேடை கிடைத்தால் விடமாட்டேனே. "ஒரே நிமிஷம் பாய். பேரு தானா வந்து நிக்கும் பாருங்க" என்று சொல்லி, வித்தை காட்டுகிறவன் மாதிரி எல்லோரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கர்சரை அந்த வரியில் வைத்தேன்.

உமைமா, 2 ஆண்டுகளுக்கு முன்.

உமைமாதான் முதலில் பேசினாள். "நான் எழுதலயே சார்."

பாய் என்னைப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லுமா?"

"அது பொய் சொல்லாது பாய்" என்றேன். கருவியின் மானம் அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் போய்விட்டது.

"அண்ணா, அன்னிக்கே நான் உங்ககிட்ட சொன்னேனே..." என்று உமைமா ஆரம்பித்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள். மாற்றியவன் நான்.

ஜூன் 18, புதன்

பழக்க தோஷம். யாரும் இல்லாத அறையில் மறுபடி அந்த வரிக்குப் போனேன். பெயர் மேலேயே கர்சரை நிறுத்தினால் முழுத் தேதி வரும் என்று எனக்குத் தெரியும். நேற்று யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

2023 ஆகஸ்ட் 17.

2023 ஆகஸ்டில் உமைமா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் மகள் ஆஃப்ரீன் பிறந்த வாரம் அது. அவள் வீட்டுக்காரர் மஹபூப் பாஷா செக்‌ஷனுக்கு ஒரு பெட்டி ஜாங்கிரி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஜாங்கிரியை நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து தின்றேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. என் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. உட்கார்ந்தது அவள் சீட்டில். கேட்டில் லாரி நிற்கிறது, லேபிளில் எண் கட்டத்துக்கு வெளியே வழிகிறது என்று பாக்கிங்கில் கத்தினார்கள். அரை சைஸை யார் கேட்கிறார்கள் என்று, புள்ளிக்குப் பின்னால் நின்ற பூஜ்யத்தோடு அரையையும் சேர்த்து வெட்டினேன். பிசுபிசுத்த விரலோடு அஞ்சு நிமிஷ வேலை.

நான்தான்.

நான்தான்யா அது.

ஜூன் 19, வியாழன்

உமைமா போன் செய்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு ஒதவி. அந்த வரியோட முழுத் தேதிய மட்டும் பாத்துச் சொல்றீங்களா? பேருக்கு மேல வெச்சா வரும். எனக்கு உள்ள போக முடியல. பாய்கிட்ட கேட்டா, பேரு இருக்குது போதும்றாரு."

"பாத்துச் சொல்றேன்மா."

ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

மறுபடி அவள் போன். "அந்த எக்ஸ்டென்ஷன எடுத்துட்டாங்கம்மா, ஏதோ செக்யூரிட்டி பிரச்சினையாம்" என்றேன். எடுத்தது நான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிவிட்டுத்தான் போனை எடுத்தேன், இருப்பதை இல்லை என்று பொய் சொல்ல வேண்டாமே என்று. இந்த நேர்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஷூ கம்பெனிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஐம்பத்திரண்டு வயது புரோகிராமரை எடுத்துக்கொள்ளும் கம்பெனிக்குத்தான் பஞ்சம். இருபத்துமூன்று வருடமாக இந்த ஒரு புரோகிராமை மட்டும் தெரிந்தவன் நான். அவளுக்கு முப்பத்துநாலு, கெட்டிக்காரி, மேல்விஷாரத்தில் படித்தபோதே முதல் ரேங்க். எங்கே போனாலும் கிடைக்கும்.

இதை இன்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன்?

ஜூன் 30, திங்கள்

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். லெட்டரை வாங்கிக்கொண்டு, சாமான்களை எடுத்துப் போக உமைமா அறைக்கு வந்தாள். பிளாஸ்க், மேசைக்கு அடியில் விட்டிருந்த செருப்பு, குழந்தை போட்டோ. எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டது.

"ஆஃப்ரீனுக்கு வர்ற ஆகஸ்ட்டோட ரெண்டு வயசு முடியுதுண்ணா."

"அப்டியாம்மா. நாளு ஓடுது பாரு."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னன்னு காட்டுச்சு இல்ல? நான் லீவுல இருந்தப்பவான்னு மட்டும்தான் எனக்குத் தெரியணும். அப்ப ரூம்ல இருந்தது நீங்க ஒருத்தர். உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கதானே?"

மூச்சு விடாமல் ஊர்க்கதை பேசும் இந்த வாய், "ஆமாம்மா" என்று ஒரு சொல்லோடு நின்றுகொண்டது.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கு டேலி ஆனதும் திரையை ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"வர்றேண்ணா."

தெரிந்துவிட்டது அவளுக்கு.

ஜூலை 1, செவ்வாய்

சோறு எறங்கல. "இன்னா ஆச்சு உங்களுக்கு, பத்து நாளா யாரு கதையும் வர்ல"ன்னா சம்பூர்ணம். எங்கதயச் சொன்னேன். முழுசா. ஜாங்கிரி வரைக்கும்.

கரண்டியக் கீழ வெச்சா. அப்புறம், "அந்தப் பொண்ணு பெத்துப் படுத்திருந்த நாளாங்க அது?"ன்னா. அவ்ளோதான் கேட்டா. போய் மிஷின்ல ஒக்காந்துட்டா. தைக்கல, சும்மா ஒக்காந்திருந்தா.

ஜூலை 3, வியாழன்

பாயிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஜெர்மனிக்கு மெயில் போயாச்சு தனகோடி. தப்பு பண்ண ஆள எடுத்துட்டோம்னு நம்ம மொதலாளியே எழுதிட்டாரு. இப்ப போய், இல்லீங்க, ஆளு மாறிப்போச்சுன்னு எழுதினா அவன் இன்னா நெனப்பான்? இன்னொரு ஆர்டர் குடுப்பானா?"

"அந்தப் பொண்ணு..."

"தெரியுது. எனக்கும் பொம்பளப் புள்ளைங்க இருக்குது. ஆனா உங்களயும் அனுப்பிட்டா செக்‌ஷனப் பூட்டிச் சாவிய நான்தான் வெச்சிக்கணும். பேஜார் பண்ணாம போய் வேலயப் பாருங்க."

அறையை விட்டு வெளியே வந்தபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, கேன்டீன் வாசலில். இந்த வரிசையை மாற்றி எழுதத்தான் ஆசை. யாரும் படிக்காத நோட்டில்கூட.

ஜூலை 8, செவ்வாய்

டீ இடைவேளையில் கட்டிங் செக்‌ஷன் பக்கம் போனேன். "இன்னாண்ணா, உங்க மெஷின் வேற யாரு பேரயாச்சும் காட்டுச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் எனக்கு எந்தக் கதையும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

பதினோரு மணிக்கு ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு போனை எனக்கு மாற்றிவிட்டார்கள். ராணிப்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனி. பெண் குரல்.

"உமைமான்னு ஒருத்தங்க எங்க இன்டர்வியூக்கு வந்திருக்காங்க சார். உங்க கம்பெனியில வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு அவங்களே சொன்னாங்க. கேட்டா, நான் பண்ணாத தப்புன்றாங்க. எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. நீங்க கூட வேல பாத்தவரு, இன்னா சொல்றீங்க?"

சுற்றி வளைத்துப் பேசுவதில் எனக்கு முப்பது வருட அனுபவம். பிரமாதமான பொண்ணு, ஏதோ நேரம் சரியில்லை என்று ஒப்பேற்றியிருக்கலாம். இரண்டு பக்கமும் கெடாது.

"அவங்க சொல்றது நெசம். அந்த வரிய எழுதினவன் நான்."

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது.

"சார், உங்க பேரு?"

சொன்னேன்.

"இத எழுத்துல தர முடியுமா?"

எக்ஸ்டென்ஷனை மறுபடி போட்டேன். அந்த வரி, அவள் பெயர், முழுத் தேதி, மூன்றும் ஒரே திரையில் தெரியும்படி படம் எடுத்தேன். அந்த நாளில் அவள் பிரசவ விடுப்பில் இருந்தாள், அவள் மெஷினில் உட்கார்ந்து எழுதியது நான், தேதி கேட்டபோது மறைத்ததும் நான் என்று எழுதினேன். ராணிப்பேட்டைக்கு ஒன்று. பாய்க்கு, முதலாளிக்கு, உமைமாவுக்கு ஒவ்வொரு நகல். முடிவில் சிரிக்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். பிறகு அனுப்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் போனால் என் பாஸ்வேர்ட் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சர்வீஸ் லெட்டர் வாங்க ஆம்பூர் போயிருந்தேன். வாட்ச்மேன் என்னை கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்க் கவரை வாங்கிவந்து கொடுத்தார். தினம் என்னிடம் ஒரு கதையாவது கேட்காமல் உள்ளே விடாதவர்.

பஸ் ஸ்டாண்டில் மஹபூப் பாஷாவைப் பார்த்தேன். தோளில் ஆஃப்ரீன், தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தூண் பக்கம் ஒதுங்கினேன். அவரே வந்தார்.

"ராணிப்பேட்டைல சேந்துட்டா. ஒண்ணாந்தேதிலேர்ந்து."

"நல்லதுப்பா. வேல எப்டி, புடிச்சிருக்குதா?"

"இருக்குது. போகவர நேரம்தான் ஜாஸ்தி. புள்ள அவ மொகத்தப் பாக்கறதே கொஞ்ச நேரம்." குழந்தையின் தலையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டார். "உங்க மெயில நான்தான் படிச்சுக் காட்டினேன். அவ தொறக்கல."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "ஏதாச்சும் சொல்லுச்சா?"

"உங்க பேர எடுத்தாலே எழுந்து உள்ள போய்டறா."

தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். குடியாத்தம் பஸ் வந்து நின்றது. அங்கே ஒரு டைப்பிங் சென்டரில் வாரத்துக்கு மூன்று நாள் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன், இன்று மூன்று மணிக்கு வகுப்பு. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் தணிந்த குரலில் யாரையோ பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் எழுந்து, பின்னால் காலியாக இருந்த இடத்துக்குப் போய்விட்டேன்.