ஓடப் போனவளும் துணைக்குப் போனவளும்

இன்று காலை கொல்கத்தா லேக் கார்டன்ஸ் கடைத்தெருவில் புது ரப்பர் வாசனை அடித்தது. செருப்புக் கடைக்காரர் ஓட்டக்காரர்கள் போடும் காலணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டேன். வேறு யாருக்காவது தோழியின் நினைவு ரப்பர் வாசனையில் வருமா என்று தெரியவில்லை. எனக்கு உன் நினைவு வருகிறது.

நம் வீட்டுக்காரர்கள் இருவரும் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நீ திருநெல்வேலி, நான் மதுரை. மூன்றாம் மாடியில் எதிரெதிர் வீடு. பல வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் தெரு கிளப்காரர்கள் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் என்று அறிவித்தார்கள். அன்று மாலையே நீ அந்த ரப்பர் வாசனையோடு என் வீட்டுக்குள் நுழைந்தாய். சேலைக்குக் கீழே பச்சை நிறத்தில் இரண்டு காலணிகள்.

"நாளைலேருந்து ஏரியைச் சுத்தி ஓடப்போறேன். பள்ளிக்கூடத்துல நான்தான் எப்பவும் முதல், தெரியும்லா?"

"அது பள்ளிக்கூடத்துல. கடைசியா எப்ப ஓடின?"

"போன மாசம். பஸ்ஸுக்கு."

"பஸ்ஸப் பிடிச்சியா?"

நீ குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினாய். நான் விடவில்லை. இந்த வயதில் திடீரென்று ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டரை ஒரு முறை பார்த்துவிடு என்று இரண்டு நாள் நச்சரித்தேன். உன் வீட்டுக்காரரிடமும் போட்டுக்கொடுத்தேன். கடைசியில் நீ ஒரு நிபந்தனை போட்டாய்.

"நீயும் வரணும். நான் மட்டும் அங்க போயி ஊசி குத்திக்கிட்டு நிக்க மாட்டேன். உனக்கும் பாக்கணும்."

எனக்கு என்ன வந்தது, ஓடப்போவது நீதானே என்று கிளம்பி வந்தேன்.

அந்த வங்காளி டாக்டர் பொறுமையானவர். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குமா, நெஞ்சு இறுக்குமா என்று இருவரையும் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். நீ சும்மா இருந்தாயா? உனக்குத் தெரிந்த வங்காள மொழியில் என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய். "இவ ரெண்டாவது மாடி வந்ததும் நின்னுருவா, டாக்டர். யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பாப்பா. அங்க யாருமே இருக்க மாட்டாங்க."

எனக்கு அவமானமாகிவிட்டது. டாக்டர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இருவருக்கும் டிரெட்மில் சோதனை எழுதினார்.

முதலில் நீ ஏறினாய். நெஞ்சில் ஒயர்களோடு நடந்துகொண்டே, சோதனை செய்த பெண்ணிடம் அவள் மாமியாரைப் பற்றி விசாரித்தாய். "போதும் மாஷிமா, இறங்குங்க" என்று பெரியம்மாவைக் கூப்பிடுகிற அவர்கள் முறையில் அவள் கெஞ்ச வேண்டியிருந்தது. அடுத்து நான். பட்டை கொஞ்சம் வேகமெடுத்ததும் நெஞ்சில் யாரோ முழங்கையை வைத்து அழுத்தியது போல் இருந்தது. அந்தப் பெண் உடனே நிறுத்தினாள். உன் பேச்சும் நின்றது. இத்தனை வருடத்தில் நீ பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு இதயக் குழாயில் அடைப்பு இருந்தது. இரண்டு நாளில் ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது நீ பச்சைக் காலணியோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்திருந்தது.

"ஓடப் போறவ நான். ரிப்பேர் பாத்தது உனக்கு. நல்லா இருக்குட்டி நியாயம்" என்றாய்.

உனக்கு டாக்டர் சம்மதம் சொன்னார், தூரத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று. ஓடினாய். பந்தயத்தன்று என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சால்வையைச் சுற்றிவிட்டுப் போனாய். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நீ வந்ததைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினேன். அவ்வளவுதான். முடிவுக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்தவள், ஓடுபாதையை விட்டு விலகி நேராக என்னிடம் ஓடிவந்தாய்.

"ஏட்டி, உக்காரு! கத்தக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார்லா?"

கீழ்வீட்டு வங்காளி அக்கா முதல் பரிசான பிரஷர் குக்கரைத் தட்டிக்கொண்டு போனாள். "உனக்குத்தான் ஏற்கெனவே பிரஷர் இருக்கு. குக்கர் வேற எதுக்கு?" என்று என்னைத் தேற்றினாய். தோற்றது நீ.

அதன் பிறகு எனக்கு நடைப்பயிற்சி ஆரம்பமானது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடந்தால் போதும் என்றார் டாக்டர். "இது எனக்கு எழுதின மருந்துல்லா!" என்று நீ குதித்தாய். ஓட்டத்தை விட்டுவிட்டு என்னோடு நடக்க வந்தாய். ஏரியைச் சுற்றி எத்தனை வருடம் பேசினாய்! கத்திரிக்காய் விலை, என் மாப்பிள்ளையின் மூக்கு, கடவுள் இருக்கிறாரா இல்லையா, எதையும் விடவில்லை. நான் "ம்" கொட்டினால் போதும்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கடைசிவரை இதயம் மட்டும் நன்றாக இருந்தது என்றார் டாக்டர். அதை அவர் சொல்லவேண்டியதே இல்லை.

நான் இன்னும் நடக்கிறேன். துணை இல்லாமல் சரியான வேகம் எது என்று எப்படித் தெரியும்? அதனால் பேசுகிறேன். உன்னிடம்தான், வாய்விட்டு, தமிழில். எதிரே வருகிறவர்கள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஊருக்குப் போன் பேசுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுகிறார்கள். நேற்று உன் பேத்தி பரீட்சையில் தேறிய கதையைச் சொல்லிக்கொண்டே போனபோது மூச்சு வாங்கியது. உடனே நடையைக் குறைத்துக்கொண்டேன். பேச்சைக் குறைக்கவில்லை.