கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

மூச்சுத் திணறலுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் எங்கள் கையடக்கக் கருவிக்கு இன்று சோதனை. அதைக் கண்ணால்கூடப் பார்த்திராத பன்னிரண்டு பேரை வரவழைத்திருந்தோம். பதினொரு பேர் ஒழுங்காகச் செய்தார்கள். கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கை லேசாக நடுங்குகிறது. மூடியைத் தலைகீழாகப் போட்டார். அதுவும் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது! மருந்துக்குப் பதில் ஊற்றிய தண்ணீர் முழுக்க அவர் சட்டையில். கருவி மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதும்மா, சரியாப் போச்சு" என்றார் சந்தோஷமாக. நிஜமான நோயாளிக்கு இப்படி நடந்தால்?

மார்ச் 6, வியாழன்

தாடிக்காரர் (தலைமை இன்ஜினியரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்) அறிக்கை கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "பயனரின் கவனக்குறைவு." அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கருவி உருவான கதை முழுவதும், சறுக்கிய இடங்கள் உட்பட, வடிவமைப்பு வரலாற்றுக் கோப்பில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாவம் ஒரு மனிதர்மேல் பழியைப் போட்டு மூடி மறைப்பது யாருடைய வேலையும் இல்லை.

"பன்னெண்டுல ஒருத்தர்தானே மேடம்?"

"வித்த பிறகு எத்தனை பேர் சார்?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மூடியை மாற்றினால் அதை வார்க்கும் அச்சையே மாற்ற வேண்டும், விற்பனை இரண்டு மாதம் தள்ளிப்போகும். அவர் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை.

மார்ச் 7, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். "ஒரு வார்த்தைக்காக எல்லா வேலையையும் நிறுத்துவீங்களா? கையெழுத்துப் போடுங்க." போடவில்லை. வேலை தங்குமா?

சாயங்காலம் அந்த டிரைவர் போன் செய்தார். "என்னாலதான் உங்க மிஷின் ஃபெயிலாயிடுச்சாம்மா?" நேற்று ராத்திரி தூக்கமே இல்லையாம். யாரோ அவரிடம் உளறியிருக்கிறார்கள். கடுப்பாக வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மாமனார் மறுபடியும் குழாயைத் திறந்து போட்டுவிட்டார். நாங்கள் கடைக்குப் போய் வருவதற்குள் சமையலறை முழுக்க வெள்ளம். "கொஞ்சமாவது கவனம் வேண்டாமா மாமா? எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திவிட்டேன். அவர் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்புறம்தான் குழாயைப் பார்த்தேன். போன மாதம் நாங்கள் ஆசைப்பட்டு மாட்டிய புதுக் குழாய். தண்ணீர் வராத நேரத்தில் அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அட மண்டு! ஆபீசில் எதை எதிர்த்து மல்லுக்கு நிற்கிறேனோ, வீட்டில் அதையேதானே செய்கிறேன்?

"மன்னிச்சுக்குங்க மாமா. தப்பு குழாய் மேல."

"அப்ப குழாயைத் திட்டிக்கிட்டிரு. நான் போய் காபி போடறேன்."

மார்ச் 11, செவ்வாய்

குழாய்க் கதையைத் தாடிக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. கருவியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூடியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒரு தடவை தலைகீழாக உட்கார்ந்தது.

"என்னையே ஏமாத்துதே!"

அறிக்கையை வாங்கி, பழைய வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். அடித்த வரியும் படிக்கும்படி இருக்க வேண்டும், அது விதி. கீழே எழுதினார்: "மூடி இருபக்கமும் பொருந்துகிறது. வடிவமைப்பின் குறை." நான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜரிடம் இருவரும் சேர்ந்தே போனோம்.

மார்ச் 24, திங்கள்

புது அச்சுக்கு ஒப்புதல்! மேனேஜர் இன்னும் முறைக்கிறார். முறைக்கட்டும். வீட்டில் குழாயும் மாற்றியாகிவிட்டது.

மே 12, திங்கள்

புது மூடி, புது ஆட்கள். பன்னிரண்டு பேரும் சரியாக மூடினார்கள். மனசு நிறைந்துவிட்டது.

சோதனை முடிந்ததும் டிரைவரை வரச் சொல்லியிருந்தோம். கருவியை முன்பே பார்த்தவரைக் கணக்கில் சேர்க்க முடியாது, சும்மா விருந்தாளியாகத்தான். அவர் வேண்டுமென்றே மூடியைத் திருப்பி வைத்து அழுத்தினார். உட்காரவில்லை. கருவி ஓடவும் மறுத்தது.

"பிடிவாதக்கார மிஷினா இருக்கே!" என்று சிரித்தார். "எப்பம்மா கடைக்கு வரும்? என் சம்சாரத்துக்குத்தான் மூச்சு முட்டுது. மருந்து ஊத்தி மூடி போடறதெல்லாம் நான்தான்."

தாடிக்காரர் என்னைப் பார்த்தார். டிரைவரை பஸ் ஸ்டாப் வரை அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.