முட்டை இல்லை, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு, சண்முகப்பிரியா வணங்கி எழுதுவது. புனேயில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி குறைந்ததா?

நம் பருத்திக் காட்டில் உழும்போது கிடைத்ததென்று நீங்கள் கொடுத்தனுப்பிய உருண்டைக் கல்லை, டைனோசர் முட்டை என்று ஹாஸ்டல் முழுக்கக் காட்டிப் பெருமையடித்தேன். என் அறையில் இருக்கும் உடையார்பாளையத்துப் பரிமளா மட்டும், "முட்டைன்னு எப்படிடி தெரியும்?" என்றாள்.

"ஊரே சொல்லுது."

"ஊரு உடைச்சுப் பாத்துச்சா?"

கோபத்தில் அன்று அவளோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சுத்தியல் வாங்கி நானே உடைத்தேன். உள்ளே ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு, வரி வரியாக ஒரு சிப்பி! நூலகத்தில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். டைனோசர் காலத்துக் கடலில் நீந்திய உயிராம். நீங்கள் மழைக்கு வானம் பார்த்து நிற்கும் இடத்தில், உங்கள் தலைக்கு மேல் கடல் இருந்திருக்கிறது அப்பா! முட்டை என்றே நம்பியிருந்தால் இந்தக் கடலை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

பாதிக் கல்லை இத்துடன் அனுப்புகிறேன். உடைத்ததற்குக் கோபப்படாதீர்கள். வீட்டில் சாமி படத்தருகே மஞ்சள் பூசி வைத்திருக்கும் இன்னொரு உருண்டைக் கல்லை உடைக்க வேண்டாம், அம்மா கும்பிடட்டும்.

கொஞ்சம் பருப்புப்பொடியும், அம்மாவின் பழைய புடவை ஒன்றும் அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. கூரியர்காரர் அவசரப்படுத்துகிறார். இனி யார் எதைச் சொன்னாலும், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். என்னையும் கேளுங்கள். மேலே நலம் என்று எழுதியிருக்கிறேனே, அதையும்தான்.

உங்கள் மகள்,
பிரியா