கலியனுக்குப் போன வண்டி

சேசு மரி சூசை

மரக்காணம்,
3-6-1973, ஞாயிறு.

அன்புள்ள மகன் அமிர்தராஜுக்கு அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் லீமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மலைக்குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ கடைசியாகப் போட்ட கடிதம் கிடைத்தது. உன் தங்கை லீமா பரீட்சையில் தேறிவிட்டாள், கணக்கில்தான் மார்க் குறைவு. குயிலாப்பாளையத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள், பையன் அங்கே வெள்ளைக்காரர்கள் கட்டுகிற வீடுகளில் கொத்து வேலை செய்கிறானாம், நீ லீவில் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். போன வாரம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டு, வாராமல் விட்ட உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்துவிட்டது, மறுபடி தண்ணீர் கட்டி இப்போதுதான் பூக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறாள் உன் அம்மா. கம்பளிச் சட்டையை யாருக்கும் இரவல் கொடுக்காதே என்றும் சொல்கிறாள்.

இதெல்லாம் எழுதுவதற்காக நான் உட்காரவில்லை அமிர்து. எழுத வேண்டியதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். உங்கள் ஆபீசில் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய், அதனால் ஒருவர் பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன். என் பெயரை விடவில்லை. கலியன் விஷயம் எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். நம் அளத்தில் உப்பு வாருகிற விருத்தாம்பாளின் ஒரே பிள்ளை, உன்னோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து உன்னோடு ஒரே கம்பெனியில் டிரைவரானவன், உன் வண்டியை ஓட்டப் போய் அவனுக்கு அப்படி ஆனது. அந்த வண்டி எப்படி அவன் கைக்குப் போனது என்று மட்டும் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது நீ அந்த வண்டியைப் பற்றிச் சொன்னாய். முன்னாலும் இரண்டு பக்கமும் கனத்த இரும்புத் தகடு அடித்திருக்கும், கண்ணாடி இருக்கிற இடத்தையும் தகட்டால் மூடி, பாதை பார்க்க ஒரு சாண் நீளத்துக்குச் சந்து மட்டும் விட்டிருக்கும், உள்ளே எஞ்சின் சூட்டில் வெந்துபோவோம் என்றாய். பின்னால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தபால் மூட்டை. நாங்கள் போனால்தான் மேலே காவல் இருக்கிறவர்களுக்குச் சோறு என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். பத்து வண்டி வரிசையாகப் போனால் முதல் வண்டி உன்னுடையது என்றும் சொன்னாய். லீமா, "அதான் இரும்பு போட்டிருக்குதே, அப்புறம் என்னா பயம்?" என்று கேட்டாள். அதற்கு நீ, "பக்கத்துல இருந்து சுட்டா தாங்கும். கீழ இரும்பு கெடையாது, மணல் மூட்டதான் பரப்பி வச்சிருக்குது, ரோட்டுல குண்டு பொதச்சி வச்சாங்கன்னா..." என்று ஆரம்பித்து, அம்மா வருவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாய். அம்மாவுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது.

நீ ரயிலேறிய பத்தாம் நாள் நான் ஒரு கூடை நல்ல கருவாடு கட்டிக்கொண்டு பஸ் பிடித்துக் கிளியனூருக்குப் போனேன். அங்கே பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய மைத்துனன் உங்கள் கம்பெனி ஆபீசில் எழுதுகிற வேலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் பிள்ளையை ரோட்டை விட்டு எடுத்துவிட வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். "அந்த வண்டிய சும்மா நிறுத்தி வைக்க மாட்டாங்க மேஸ்திரி. உங்க பையன் எறங்கினா வேற ஒருத்தன் ஏறுவான். யோசிச்சிக்கினு சொல்லுங்க" என்றார். நான் யோசிக்கவில்லை. அது சர்க்கார் பாடு, எனக்கு என் பிள்ளை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் உன் கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ரேஷன் ஸ்டோரில் எழுதப் போட்டுவிட்டார்கள், வண்டியைக் கலியனிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உன் அம்மா மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், நான் அந்தக் கடிதத்தை அளத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். விருத்தாம்பாளும் கேட்டாள். "அமிர்து கையெழுத்து முத்து முத்தா இருக்குமே, அதுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க" என்று மனதாரச் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். உன் கையெழுத்தில் குறை ஒன்றும் இல்லை அமிர்து, ஆனால் அது காரணம் இல்லை.

போன மாதம் பதினேழாம் தேதி மத்தியானம், உப்பு வாரிக்கொண்டிருந்த விருத்தாம்பாள் இடுப்பில் ஒரு கவரைச் செருகிக்கொண்டு வரப்பு மேல் ஓடி வந்தாள். கலியனிடமிருந்து வந்திருக்கிறது, படியுங்கள் என்றாள். மற்ற பெண்களும் கூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து அவனே எழுதியிருந்தான், கோணல்மாணலாக. ரோட்டில் புதைத்து வைத்திருந்தது வண்டிக்கு அடியில் வெடித்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அம்மா நீ அழக்கூடாது என்று இருந்தது. அடுத்த வரியில், அது அமிர்து ஓட்டின வண்டி, அவன் ஸ்டோருக்குப் போனதால் எனக்கு வந்தது, அவன் என்னைப் பார்க்க வந்து ரொம்ப அழுதான், அவன் மேல் நீ வருத்தப்படாதே என்று இருந்தது. கடைசியில், இதை மேஸ்திரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல், அவர்தான் உள்ளதை உள்ளபடி படிப்பார் என்று எழுதியிருந்தான். நான் என்ன படித்தேன் தெரியுமா? காலில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான் என்று படித்தேன். வண்டியைப் பற்றிய வரியைத் தாண்டிவிட்டேன். என்னைப் பற்றி எழுதியிருந்ததையும் தாண்டிவிட்டேன். அவள் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். காலைப் பற்றிச் சொல்லாமல் விட்டது இரக்கத்தால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாள் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவள் என்னிடம் லீவு கேட்க வந்தாள். ஆடி மாதம் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்க வேண்டுதலாம். "கலியனுக்குக் கால் ஆறினதும் அவனும் நானும் சேந்து எறங்குறோம்னு வேண்டிக்கினேன் மேஸ்திரி" என்றாள். ஆளை வைத்து வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவளை அவள் வீட்டுக்கே அழைத்துப் போய், அந்தக் கடிதத்தை எடு, நான் அன்றைக்கு முழுதாகப் படிக்கவில்லை என்றேன். வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். அவள் மாரடித்துக்கொள்ளவில்லை. "எந்தக் காலு, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பிறகு கடிதத்தில் இல்லாததையும், நான் கிளியனூர் போனதையும் அங்கே என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன். அவள், "சுத்தி இரும்பு போட்டாங்களே, கீழ ஏன் போடல?" என்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நீங்க போனது தப்புன்னு சொல்ல மாட்டேன். வழி தெரிஞ்சா நானும் போயிருப்பேன். போன எடத்துல எம்புள்ள பேரையும் சேத்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேஸ்திரி, ரெண்டும் ஒன்னாதான நம்ம அளத்துல வெளையாடிச்சி" என்றாள். அமிர்து, அந்த வீட்டு வாசலில் நின்று யோசித்துப் பார்த்தேன். அப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டு, முடியாது என்று அவர் சொல்லியிருந்தால்கூட இன்றைக்கு எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். அவன் என் நினைப்பிலேயே வரவில்லை. அதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "எங்கிட்ட கேட்டிருந்தா நானும் போங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், அவர் மன்னிப்பு கொடுத்தார். ஆனாலும் அளத்தில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. விருத்தாம்பாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு அளத்துக்கு வேலைக்குப் போகிறாள். கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் மகள் ஜெயாவிடம் கொடுத்துப் படித்துக்கொள்கிறாள், அந்தப் பெண் எட்டாவது படிக்கிறது.

இனி நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. மறுபடி வண்டிக்குப் போ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, போகாதே என்று எழுதவும் எனக்கு வாய் இல்லை. உன் இஷ்டம். ஆனால் கலியனிடம் இதை நீ மறைக்காதே. எங்கள் அப்பாதான் செய்தார் என்று என் பெயரைச் சொல்லியே சொல். அவன் என்னை என்ன திட்டினாலும் குறைக்காமல் எனக்கு எழுது.

ஒன்று மறந்துவிடாதே. அவனைப் பூனாவுக்கு அனுப்பிக் கட்டைக்கால் வைத்து, அதற்கப்புறம் ஊருக்கு அனுப்புவார்களாம். நேற்று பஸ் நிறுத்தத்தில் விருத்தாம்பாளைப் பார்த்தேன். அவன் வருகிற அன்று திண்டிவனம் ஸ்டேஷனுக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவள் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு, "நீங்க வர வேணாம் மேஸ்திரி. அமிர்துக்கு எழுதுங்க, அது லீவு போட்டுக் கூட்டியாரட்டும். எம்புள்ள அது தோளப் புடிச்சிக்கினு எறங்குவான்" என்றாள். அதனால் எப்படியாவது லீவு கேட்டு வாங்கு. தேவமாதா கலியனையும் உன்னையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அம்மாவும் லீமாவும் உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள். மூன்று பேருடைய ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சூ. செல்வநாதன்.