பத்து மணிக்கு நிற்கும் ஃபோர்க்லிஃப்ட்

மார்ச் 3, திங்கள்

பழைய முதலாளி கடையை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் இரண்டு மாதம் ஆகிறது. புது முதலாளியம்மா பிலிப்பா, மெல்பர்னில் இருந்தபடியே எங்கள் உரக்கடையை நடத்துகிறார். இன்று போனில் பிடித்தார். ஆட்டுப் பண்ணை டூலன் புகார் சொல்லியிருக்கிறான். உர மூட்டை ஏற்ற லாரியோடு வந்தவனை அப்படியே நிறுத்திவிட்டு, எங்கள் யார்டு ஆள் நெவில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்டை அணைத்து, யார்டு கேட்டைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டானாம்.

"ஆமாம்" என்றேன். பத்து மணிக்கு அவன் மட்டுமா போகிறான்? நாங்கள் ஏழு பேரும்தான் போகிறோம். ஸ்மோக்கோ எனும் காலை டீ நேரத்தில் இந்த ஊரில் செத்தவன்கூட எழுந்து வந்து ஒரு கப் கேட்பான்.

இனி ஆளுக்கொரு நேரத்தில் டீ குடிக்க வேண்டும், யார்டு நிற்கவே கூடாது என்பது உத்தரவு. நெவிலிடம் சொல்ல வேண்டியது மேலாளராகிய அடியேன்.

மார்ச் 4, செவ்வாய்

சொன்னேன். முடியாது என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 10, திங்கள்

தொழிலாளர் தினம். கடை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து ஒரு தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் தட்டச்சு செய்தேன். என் மனைவி ப்ரான்வின் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, நான் பாதி குடித்திருந்த டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 12, புதன்

முதல் கடிதம் கொடுத்தாயிற்று. நெவில் அதை டீ அறைப் பலகையில், கால்பந்து கிளப் இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கல் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்திவைத்தான். 'சட்டப்படியான, நியாயமான உத்தரவை மீறியதற்காக' என்று எழுதியிருந்தேன். மத்தியானத்துக்குள் யாரோ 'நியாயமான' என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். சிவப்புப் பேனா வைத்திருப்பது கல்லாவில் இருக்கும் ஜோ-ஆன் மட்டும்தான். விசாரிக்கவில்லை. இன்னொரு கடிதம் தட்டச்சு செய்யத் தெம்பில்லை.

மார்ச் 26, புதன்

இரண்டாவது கடிதம். பத்து மணிக்குக் கேட் பூட்டியிருந்ததால் டூலனும் டீ அறைக்கு வந்து, எங்கள் பிஸ்கட்டை எங்களைவிட வேகமாகத் தின்றுகொண்டிருந்தான். நெவில் கடிதத்தை அவன் பக்கம் தள்ளி, "சாட்சிக் கையெழுத்து நீயே போட்டுரு. புகார் குடுத்தவனே சாட்சி, எல்லாருக்கும் சவுகரியம்" என்றான். டூலன் முகம் தக்காளியாகிவிட்டது. ஏதோ வாய்ச்சொல்லாகச் சொன்னது இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லையாம். ஆனாலும் கையெழுத்துப் போட்டான். நல்ல மனிதன்தான், மூளைதான் கொஞ்சம் மந்தம்.

மார்ச் 27, வியாழன்

மூன்று எச்சரிக்கை, அப்புறம் வீட்டுக்கு. இந்த நாட்டில் எல்லோரும் இதை வேதவாக்கு மாதிரி சொல்கிறார்கள். நானும் நம்பியிருந்தேன். சட்ட உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்படி ஒரு கணக்குச் சட்டத்தில் இல்லையாம். அனுப்புவதற்கு உருப்படியான காரணம் இருக்கிறதா, அதை அவரிடம் சொன்னீர்களா, பதில் சொல்ல இடம் கொடுத்தீர்களா, இவைதான் கேள்வியாம்.

உருப்படியான காரணம். ம்.

பிலிப்பா ஏப்ரல் 9 காலை ஒன்பதரைக்கு நேரில் வருகிறார். அன்று நெவில் சரியான பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். அந்தத் துணை அவனுக்காக வாதாடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

துணை யார் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ப்ரான்வினாம்!

"ஊர்ல வேற ஆளே கெடைக்கலையாப்பா ஒனக்கு?"

"விஷயம் தெரிஞ்ச ஆளா இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு மூட்டை அடுக்கப் போய்விட்டான்.

ஏப்ரல் 2, புதன்

ப்ரான்வின் வீட்டில் என்னோடு பேசுவதில்லை. எதிர்த்தரப்பாம் நான். இரகசியம் காக்க வேண்டுமாம். உப்புப் போதுமா என்று மட்டும் கேட்டாள். போதும் என்றேன். போதவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாதிப் பேர் டீயிலும் பாதிப் பேர் வேலையிலும் இருந்த ஒரு காலை. நெவில் ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு கையில் டீ, ஒரு கையில் போன், போனில் குதிரைப் பந்தயப் பட்டியல், கண் அதில். நேராக வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு கால்விரல் போயிற்று. தப்பு முழுக்க என்னுடையது. அறிக்கை எழுதவில்லை. வீட்டில் உறைந்த ஆட்டுத்தொடை காலில் விழுந்துவிட்டது என்று பழைய முதலாளியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். பக்கத்தில் நின்ற ப்ரான்வின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் நொண்டிக்கொண்டே போய் நெவிலிடம் சொன்னேன்: "இனிமே டீ நேரத்துல ஒரு வண்டி அசையக் கூடாது. கேட்டப் பூட்டிரு. நானே வந்து தெறக்கச் சொன்னாலும் தெறக்காத."

போன மாதம் நானே போய்ச் சொன்னேன். அவன் திறக்கவில்லை.

இதை ஒரே மூச்சில் சொல்லி அவன் தப்பித்துக்கொள்ளலாம். சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். வயது ஐம்பத்தெட்டு. இந்த ஊரில் வேறு யார் வேலை தருவார்கள்? எல்லாம் தெரிந்துகொண்டே உட்கார்ந்து இரண்டு கடிதம் அடித்திருக்கிறேனே — சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

ஏப்ரல் 9, புதன்

பிலிப்பா நாலு மணி நேரம் காரோட்டி வந்திருந்தார். கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். ஏன் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் நெவில் சொன்ன பதில், பழக்கம். இதைத்தான் பதிலாக எழுதிக்கொள்ளவா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.

ப்ரான்வின் விதிப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். வாதாடக் கூடாது என்று எழுதினவர்கள் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை.

சரியாகப் பத்துக்கு நெவில் எழுந்தான். உட்காரச் சொன்னார் பிலிப்பா. இப்போது வெளியே போனால் இதோடு முடிந்தது என்றார். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"அவன் போகட்டும்" என்றேன். "கேட்டப் பூட்டுங்கற உத்தரவப் போட்டதே நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கால்விரல், ஆட்டுத்தொடை, எழுதாத அறிக்கை, எல்லாம். பிலிப்பா மேசையில் இருந்த கடிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் இருக்கறது உங்க கையெழுத்துதானே, மரே?"

"ஆமாங்க."

என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். ஆனால் அதற்கு முன்னால் டீ என்றார், தனக்கும் ஒன்று.

டீ அறையில் நெவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அந்த ரெண்டு காகிதமும் வலிக்கலப்பா. நீ என்னைக்கு வாயத் தெறப்பேன்னு பாத்துட்டே இருந்தேன் பாரு, அதுதான்."

பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நெவிலின் இரண்டு கடிதங்களும் எழுத்துமூலம் திரும்பப் பெறப்பட்டன. எனக்கு ஒன்று வந்தது. இறுதி எச்சரிக்கை. படித்துப் பார்த்தேன், ஒரு வார்த்தை தப்பில்லை. 10 முதல் 10.15 வரை யார்டு மூடியிருக்கும் என்று கேட்டில் பலகை மாட்டியாயிற்று. ப்ரான்வின் பேச ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசுகிறாள்.

மே 23, வெள்ளி

பல வருஷம் உழைத்தவர்களுக்குச் சம்பளத்தோடு தரும் நீண்ட சேவை விடுப்புக்கு நெவில் எழுதிக் கொடுத்தான். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பழைய முதலாளி எத்தனையோ முறை போய்விட்டு வா என்று கெஞ்சியிருக்கிறார். மூன்று மாதம் இல்லாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவீர்கள் என்று மழுப்பிவிடுவான்.

காரணம்: மீன் பிடிக்க. வேலைக்குத் திரும்பும் நாள் என்ற கட்டத்தில் தேதி மட்டும் போட்டால் போதும். செப்டம்பர் 15, திங்கள், காலை ஏழரை மணி என்று எழுதியிருக்கிறான்.

கையெழுத்துப் போட்டேன்.